எங்கிருந்து வந்தது? – பாதியில் நின்ற ட்ரோலி

கேள்வி: இணையத்தில் முறுக்கும் அதிரசமும் விற்கிறேன். ட்ரோலியில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களே அதிகம். இந்த ட்ரோலியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: சில்வன் கோல்ட்மேன். அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்தியவர். மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசனை பிறந்தது. இரண்டு கூடை, கீழே சக்கரம் என 1937இல் வண்டியை இறக்கினார். யாரும் தொடவில்லை. 'கூடை தூக்கத் தெம்பில்லையா' என்பார்களே என்று ஆண்களுக்குக் கூச்சம். பிள்ளைவண்டி தள்ளியதே போதும் என்று பெண்களுக்கு அலுப்பு. ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கவிட்ட பிறகுதான் ஊர் பழகியது.

கேள்வி: பெயர்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் போனாலும் நான் போட்ட சாமான் அப்படியே இருக்கிறதே?
– வாசகர், கூலிம்

பதில்: அதற்குக் காரணம் 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனப் பொறியாளர் லூ மொண்டுல்லி உருவாக்கிய குக்கீ என்ற சிறு குறிப்பு. எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணைய வணிக ஏற்பாடு ஒன்று தயாரானது. பாதியில் நிற்கும் வியாபாரத்தையெல்லாம் தன் கணினியில் சுமக்க அந்த நிறுவனத்துக்கு விருப்பமில்லை. அந்தக் குறிப்பை வாங்குகிறவர் கணினியிலேயே வைக்க வழி செய்தார் மொண்டுல்லி. இன்று பல கடைகளில் குக்கீயில் இருப்பது ஓர் அடையாள எண்தான். பட்டியல் கடையிடமே இருக்கும். சம்பள நாள் வரை பற்று எழுதிய 555 நோட்டு தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் இருந்தது கொண்டுபோன சாமானின் கடன். இதில் இருப்பது கொண்டுபோகாத சாமானின் ஆசை.

கேள்வி: சரி, விட்டுப் போனவர்களை எப்படித் திரும்ப அழைப்பது?
– வாசகி, பீடோங்

பதில்: முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் தொகுத்த கணக்கில், உலக அளவில் பத்து ட்ரோலிகளில் ஏறக்குறைய ஏழு இப்படித்தான் நிற்கின்றன. விட்டுப் போனவர்களில் பலர் சும்மா பார்க்க வந்தவர்கள். வாங்க நினைத்தும் விட்டவர்கள் சொல்லும் முதல் காரணம், கடைசியில் ஏறும் அஞ்சல் செலவும் கட்டணங்களும். பத்து வெள்ளி முறுக்கு விற்றால், அதைச் சபாவுக்கு அனுப்ப எவ்வளவு என்பதை முறுக்குப் படத்துக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். கணக்குத் திறந்தால்தான் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எஃப்பிஎக்ஸ் என்ற இணையக் கட்டண முறை வழி வங்கிப் பக்கம் வரை போய்ப் பணம் போகாமல் திரும்பியவர்களைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுப் போனவர்கள் அல்லர், மாட்டிக்கொண்டவர்கள். முதல் செய்தி அவர்களுக்குத்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு நினைவூட்டல் போதும். விளம்பரச் செய்தி வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி: தள்ளுபடிக் கூப்பன் வரட்டும் என்று வேண்டுமென்றே ட்ரோலியை விட்டுவிட்டு வருகிறேன். தப்பா?
– வாசகர், லூனாஸ்

பதில்: தப்பே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட கடைக்காரர் அந்தத் தள்ளுபடியை முன்கூட்டியே விலையில் ஏற்றியிருந்தால், அவர் மேலும் தப்பு சொல்லாதீர்கள்.