அந்த மயில் யாருடையது?

போன தீபாவளிக்கு பிரிக்பீல்ட்சில் எங்கள் இளைஞர் குழு போட்ட கோலத்துக்கு வரைபடம் என்னுடையது. பெரிய மயில், உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளியும் கோடும். நிறைய பேர் நின்று படம் எடுத்தார்கள். குழுவில் ஒரு தங்கச்சி மட்டும் கேட்டாள்: "அண்ணே, இது யாரோட டிசைன்?"

"கோண்டு ஓவியம்மா."

"அது தெரியுது. யாரோடது?"

எனக்குத் தெரியல. கைப்பேசியில் கிடைத்த படத்தை அளவெடுத்துப் பெரிதாக்கியதுதான் நான் செய்த வேலை. பொறியியல் படிப்பு அதுக்கு நல்லாவே உதவியது! அவளுக்குப் பதில் சொல்லப் போய்ப் படித்ததுதான் இந்த மாதப் பாடம்.

கோண்டுகள் மத்திய இந்தியாவின் பெரிய பழங்குடி. அவர்களில் பர்தான்கள் நம் சங்ககாலப் பாணர் மாதிரி. பெரியதேவனான படாதேவையும் கோண்டு அரசர்களின் வம்சத்தையும் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அவர்கள் வாசிக்கும் கருவிக்குப் பெயர் 'பானா'. (பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்குதே என்று உடனே சொந்தம் கொண்டாட வேண்டாம்.) ஆதரித்த குடும்பங்கள் நொடித்துப் போக, பாட்டுக்குக் கூலி குறைந்தது.

1980களின் தொடக்கத்தில், மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்தில் ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞரின் சுவரோவியம் போபால் பாரத் பவன்காரர்கள் கண்ணில் பட்டது. ஓவியர் ஜே. சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துக்கொண்டார். 1989-இல் ஜங்கரின் படங்கள் பாரிஸ் கண்காட்சி வரை போயின. 2001-இல் ஜப்பானில் அவர் இறந்துவிட்டார். ஆனால் கலை நிற்கல. ஏன்னா அதற்குள் சொந்தக்காரர்கள் பலரை ஊரிலிருந்து வரவழைத்து வேலை பழக்கியிருந்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். உருவத்துக்குள் நிரப்பும் புள்ளி, கோடு, மீன்செதில், விதை போன்ற வடிவங்கள் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே குடும்பத்தில், ஒரே ஆளிடம் படித்தாலும் அவரவருக்கு அவரவர் நிரப்பு. அதுதான் அவர்களுக்குக் கையெழுத்து. அப்படியென்றால் பிரிக்பீல்ட்சில் நான் போட்டது யாரோ ஒருவருடைய கையெழுத்தை.

ஜங்கரின் மருமகன் பஜ்ஜு ஷ்யாம் இரவுக் காவலாளியாக இருந்தவர். லண்டன் போய் வந்து அவர் வரைந்த புத்தகத்தை 2004-இல் சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்டது. பிக் பென் கடிகாரத்தை அதில் சேவலாக்கியிருக்கிறார்; ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே! 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2022-இல் அதே விருது பெற்ற துர்காபாய் வ்யாம், ஆறு வயதில் 'டிக்னா' கற்றவர். விசேஷ நாட்களில் பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் வடிவங்கள் அவை. நம்ம கோலத்துக்கு ரொம்பப் பக்கம்.

படித்து முடித்த வாரம் கிள்ளானில் பாட்டி வீட்டுக்குப் போய், கோலம் சொல்லித் தரச் சொன்னேன். புள்ளி வைத்து இழுத்தார். எந்தப் புத்தகத்தையும் பார்க்கல. அவர் போட்ட தாமரைக்குள் நிரப்ப என்னிடம் என்ன இருக்கு? படம் வரையும் வகுப்பில் இரும்பின் வெட்டுமுகத்தைக் காட்ட நாங்கள் போடும் சாய்கோடுகள்தான் கைக்கு வந்தன. இதழ் இதழாக நிரப்பினேன்.

பாட்டி குனிந்து பார்த்தார். "என்னடா இது, கம்பிவேலி மாதிரி?" என்றார். அப்புறம் அவரே அடுத்த இதழுக்குப் பொடியை நீட்டினார்.