பாலிபெப்டைடு அடுக்குப் படலங்கள்

உடைந்த எலும்பைத் தாங்குவதற்காக உடலுக்குள் உலோகத் தகடு பொருத்துகிறார்கள். அத்தகட்டின் மீது கிருமிகள் ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் பெருகிவிட்டால், மருந்துகளுக்கு அவை எளிதில் கட்டுப்படுவதில்லை. அப்படியானால், உடலுக்குப் பழக்கமான ஒரு பொருளால் தகட்டின் மீது மெல்லிய போர்வை போர்த்தி, அதற்குள் மருந்தையும் வைத்துவிட்டால் என்ன? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சிகளுள் ஒன்றே பாலிபெப்டைடு அடுக்குப் படலம். வேதியியல் மாணவனாகிய நான் இதனைப் படித்தபோது, பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாக இருக்கும் செய்திகள் ஒரே படலத்துக்குள் கூடி வேலை செய்வதைக் கண்டேன். அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சங்கிலிகள்

அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே பாலிபெப்டைடு. லைசினை மட்டும் கோத்தால் பாலிலைசின். குளூட்டாமிக் அமிலத்தை மட்டும் கோத்தால் பாலிகுளூட்டாமிக் அமிலம். நடுநிலை நீரில் லைசினின் அமினோ தொகுதி புரோட்டானை ஏற்று நேர்மின் சுமை பெறுகிறது. குளூட்டாமிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியோ புரோட்டானை இழந்து எதிர்மின் சுமை பெறுகிறது.

படலம் வளரும் விதம்

நீரில் கண்ணாடியின் பரப்பு எதிர்மின் சுமை உடையது. அதனைப் பாலிலைசின் கரைசலில் சில நிமிடங்கள் தோய்த்தால் சங்கிலிகள் பரப்பில் படிகின்றன. தேவைக்கு மேலாகவே படிவதால் பரப்பு நேர்மின்னாக மாறிவிடுகிறது. பிறகு வரும் பாலிலைசினை அதுவே விலக்கித் தள்ளுகிறது. படிதல் தானாக நின்றுவிடுகிறது. நீரில் கழுவிவிட்டு, அடுத்துப் பாலிகுளூட்டாமிக் அமிலக் கரைசலில் தோய்த்தால் பரப்பு மீண்டும் எதிர்மின்னாகிறது. இவ்வாறு மாறி மாறித் தோய்த்து, வேண்டிய அளவு அடுக்குகளை ஏற்றலாம்.

கூழ்மத் துகள்களைக் கொண்டு இத்தகைய அடுக்குகளை அமைக்கும் முறையை அமெரிக்காவில் ஐலர் 1966-இல் வெளியிட்டார். 1991-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் டெக்கரும் ஹாங்கும் மின்சுமையுள்ள மூலக்கூறுகளைக் கொண்டு இம்முறைக்குப் புத்துயிர் ஊட்டினர்.

இங்கே ஒரு புதுமையைக் கவனிக்க வேண்டும். சில படலங்கள் தோய்ப்புக்கு இவ்வளவு எனச் சீராகத் தடிக்கின்றன. நாம் கூறிய இணையின் படலமோ கூட்டுவட்டி போல வளர்கிறது. பாலிலைசின் மேற்பரப்பில் மட்டும் நில்லாமல் படலத்தின் உள்ளேயும் ஊடுருவி நிற்கிறது. அடுத்த தோய்ப்பில் அது வெளியே வந்து எதிர்ச் சங்கிலியுடன் சேர்கிறது. படலம் தடித்தால் உள்ளே சேமிக்கப்படுவதும் மிகுதி. எனவே அடுத்த அடுக்கும் தடிப்பாகிறது.

ஏன் ஒட்டுகின்றன?

நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்ப்பது தெரிந்ததே. ஆனால் ஈர்ப்பு மட்டுமே காரணமன்று. கரைசலில் ஒவ்வொரு சங்கிலியையும் சூழ்ந்து சிறு அயனிகள் கட்டுண்டிருக்கின்றன. இரு சங்கிலிகள் இணையும்போது அவை விடுதலை பெற்று நீரில் கலக்கின்றன. அதனால் என்ட்ரோபி உயர்கிறது. இதுவே இணைப்புக்குப் பெருந்துணை. கரைசலில் உப்பை மிக அதிகமாக்கினால் இந்த ஆதாயம் குறைந்து, படலம் தளர்ந்துவிடும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

உள்ளமைப்பு

பாலிபெப்டைடு எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வரைபடமாக்கிக் காட்டினர். ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் அவ்வரைபடத்தில் தத்தமக்குரிய இடங்களைப் பெற்றுள்ளன. நடுநிலை நீரில் தனியாக உள்ள பாலிலைசினுக்கு ஒழுங்கான வடிவம் இல்லை. ஒத்த சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதே காரணம். படலத்தில் எதிர்ச் சங்கிலி அச்சுமையைச் சமன்செய்தவுடன் விலக்கம் அடங்குகிறது. சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் தோன்றி, பீட்டா தாள்கள் உருவாகின்றன. அகச்சிவப்பு நிறமாலையில் இம்மாற்றத்தைக் காணலாம்.

உறுதியா, கரைதலா?

பயன்பாட்டின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. படலம் உடனே கரைந்தால் போர்வையால் பயனில்லை. கரையவே மறுத்தால் உள்ளே வைத்த மருந்து வெளிவருவது கடினம். குறுக்குப் பிணைப்புகள் இட்டால் படலம் உறுதியாகும். ஆனால் நொதிகள் அதனைச் சிதைப்பதும் தாமதமாகும். இயற்கையான எல் வகை அமினோ அமிலங்களுக்குப் பதிலாக அவற்றின் ஆடிப் பிம்பமான டி வகையைப் பயன்படுத்தினாலும் நொதிகள் எளிதில் வெட்டமாட்டா. சிஸ்டீனைச் சேர்த்து டைசல்ஃபைடு பிணைப்பு அமைத்தால், ஒடுக்கும் தன்மையுள்ள சூழலில் அப்பிணைப்பு அறுந்துவிடும். ஆக, எத்தனை நாள் நிலைக்க வேண்டும் என்பதைச் சங்கிலியைத் தொகுக்கும்போதே பெருமளவு தீர்மானிக்கலாம். பாலிபெப்டைடின் தனிச் சிறப்பு இதுவே எனலாம்.

அமில கார வினை, என்ட்ரோபி, ஹைட்ரஜன் பிணைப்பு, ஆடிப்பிம்ப மாற்றியம் ஆகியவற்றைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்கிறோம். ஒரு நோயாளியின் உடலுக்குள் வைக்கும் தகட்டின் மேல் இவை நான்கும் ஒருங்கே செயற்படுகின்றன. படலத்தை வளர்க்கத் தேவைப்படுவனவோ இரு முகவைகள், தூய நீர், பொறுமை. அதனை அளந்தறிய உயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அதன் தத்துவத்தைப் புரிந்துகொள்ள நம் வகுப்பறைப் பாடங்களே போதும். அப்பாடங்களைப் பொருளுணர்ந்து கற்போமாக!