சினமும் இதயமும்

“அவன் முன்கோபி, மாரடைப்பு வராமலா இருக்கும்?” என்று நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் எளிதாகக் கூறிவிடுகிறோம். இதில் உண்மை எவ்வளவு என்று அறிவது நலம்.

சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்களான பிரீட்மன், ரோசன்மன் இருவரும் 1959ஆம் ஆண்டில், இதயநோய்க்கும் குணத்திற்கும் தொடர்புண்டு என்றனர். விரைவு, போட்டி, பொறுமையின்மை உடையோரை ‘ஏ’ வகையினர் என்றும், அமைதியுடையோரை ‘பி’ வகையினர் என்றும் பிரித்தனர். 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்து, ‘ஏ’ வகையினர்க்கு இதயநோய் ஏறத்தாழ இருமடங்கு வந்தது என 1975இல் வெளியிட்டனர். ஆயினும், பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் இத்தொடர்பு காணப்படவில்லை.

ஆகவே அறிஞர்கள் அக்குணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். விரைவைக் காட்டிலும் சினமும் பகையுணர்வுமே தீங்கு பயப்பன என்பது புலனாயிற்று. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2009இல் நோக்கியபோது, நலமாயிருந்தோருள் இவ்விரண்டும் மிக்கவர்க்கு இதயநோய் வாய்ப்பு 19 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சினம் எழுந்தால் அட்ரினலின் சுரக்கிறது, நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இது நாள்தோறும் நேர்ந்தால் இரத்தக் குழாய்கள் நலியும்.

எனவே, விடியுமுன் வெங்காயக் காட்டுக்கு விரையும் உழவர் தம் சுறுசுறுப்புக்கு அஞ்ச வேண்டா. வரப்புத் தகராற்றை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் சுமப்பவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

குணம் மாறுமா? மாறும். மாரடைப்பிலிருந்து மீண்டோர் சிலர்க்கு, இதயநல அறிவுரையுடன் குணமாற்றப் பயிற்சியும் அளித்து, அதன் முடிவைப் பிரீட்மன் குழுவினர் 1986இல் வெளியிட்டனர். நான்கரை ஆண்டுகளில் அவர்களுள் 12.9 விழுக்காட்டினர்க்கே மாரடைப்பு மீண்டும் வந்தது. அறிவுரை மட்டும் பெற்றோருள் 21.2 விழுக்காட்டினர்க்கு வந்தது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் குரோதத்தை முதலில் வைத்தனர் நம் முன்னோர். அதனை அடக்குதல் உயிருக்கு மட்டுமன்றி உடலுக்கும் நன்மையே.

ஒன்றை மறவாதீர். சாந்தமானவர்க்கும் மாரடைப்பு வரும். புகைபிடித்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியன சினத்தினும் பெரும் பகைவர். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் தோன்றினால், ‘வாயு’ என்று ஓமநீர் பருகிக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். நோயுற்றவரிடம், “உன் கோபத்தால் வந்தது” என்று பழி கூறாதீர். அச்சொல்லே அவர் நெஞ்சை மேலும் வருத்தும்.

சிந்திக்க:
1. சுறுசுறுப்புக்கும் பகையுணர்வுக்கும் வேறுபாடு யாது?
2. இவ்வாரம் நான் விட்டொழிக்கக்கூடிய பழம்பகை எது?
3. என் இரத்த அழுத்தத்தை இறுதியாக அளந்தது எப்போது?