பிடிக்கலாம், அடிக்கலாகாது

நம் மலாக்காத் தோட்டமொன்றில் கட்டிப்பால் திருடியவன் கையுங்களவுமாகப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடுகிறது, "கட்டிவைத்து உதையுங்கள்!" என்று ஒரு குரல் எழுகிறது. அப்போது நாம் செய்யத்தக்கது யாது?

இவ்வினாவுக்கு நம்மவர் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1946-47ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை இயங்கியது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். கள் குடும்பங்களை அழிப்பதைக் கண்ட தொண்டர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும், குடித்தவர்களைத் தாமே விசாரித்துத் தண்டிக்கவும் தலைப்பட்டனர். குற்றஞ்சாட்டுபவரே தீர்ப்பும் அளித்தால், குற்றமற்றவன் யாரிடம் முறையிடுவான்?

நம் சட்டம் தெளிவானது. கண்ணெதிரே திருடுபவனைப் பொதுமக்களும் பிடிக்கலாம். ஆனால், தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கைதானவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டுமெனக் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5ஆம் விதி கூறுகிறது. பிடித்தவனை அடித்துக் காயப்படுத்தினாலோ, அடித்தவருக்கு ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உயிர் போய்விட்டால் அது கொலை வழக்காகவும் மாறலாம். கூட்டத்தோடு சேர்ந்து ஓர் அடி அடித்தவரும் கூண்டில் நிற்க நேரிடும்.

"போலீஸ் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறதே!" என்பீர்கள். அவ்வாத்திரம் இயல்பானதே. ஆயினும், தவறான புகாரை விசாரணையில் திருத்தலாம். போன உயிரை மீட்க இயலாது. ஆகவே, திருடனைப் பிடிப்போம், நால்வர் சாட்சியாக நிற்போம், கையை ஓங்காதிருப்போம்.