பாட எண்ணும் கிரெடிட் கணக்கும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலை ஒன்றில் சேரும் மாணவன் முதலாவது பார்க்க வேண்டியது பாடங்களின் பட்டியல். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று பாட எண், மற்றொன்று கிரெடிட். இவற்றின் பொருளை அறியாமல் பாடம் தெரிந்தெடுப்பவன் பணத்தையும் காலத்தையும் இழக்க நேரிடும். ஆகையால் நம் பிள்ளைகளை அங்கே அனுப்ப எண்ணுவோர் இதைக் கவனமாய்ப் படிப்பார்களாக.

1. பாட எண்

பாட எண் பாடத்தின் படியைக் காட்டும். அநேக சர்வகலாசாலைகளில் 100 முதல் 199 வரை முதலாண்டுப் பாடங்கள். 200க்கு மேல் இரண்டாம் ஆண்டு. 300, 400 என்பவை மேல் ஆண்டுகளுக்கு. 500 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு. 'வரலாறு 101' என்றால் அத்துறையின் அரிச்சுவடி என்று பொருள்.

ஆனால் இது வழக்கமேயன்றிச் சட்டம் அன்று. பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1 முதல் 99 வரை கீழ்ப்படிப் பாடங்கள். 100 முதல் 199 வரை மேற்படிப் பாடங்கள். அங்கே 101ஐ ஆரம்பப் பாடமென்று நம்பிச் சேர்பவன் திகைத்துப் போவான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலோ முதல் எண் துறையையே குறிக்கும்: 8 பௌதிகம், 18 கணிதம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குமுன் எந்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

2. கிரெடிட்

கிரெடிட் என்பது நேரத்தின் அளவு. இவ்வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1905ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னகி என்னும் செல்வர், கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் அளித்தார். உதவி பெறத் தகுந்த கல்லூரி எது என்று நிச்சயிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணி நேரம் படிப்பது ஓர் அலகு என்றும், 14 அலகுகள் முடித்தவர்களையே கல்லூரி சேர்க்க வேண்டும் என்றும் கார்னகி ஸ்தாபனம் வகுத்தது. கல்வியை மணிக்கணக்கால் அளப்பது இவ்விதம் நாடெங்கும் நிலைபெற்றது.

மத்திய அரசாங்கம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின் சாரம் இது: வாரத்துக்கு 1 மணி வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது 2 மணி உழைப்பும், ஏறக்குறைய 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட்.

இங்கேதான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். 3 கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு 3 மணி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது 9 மணி. இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு இரண்டு பருவமாக முடிப்பதாயின் பருவத்துக்கு 15 கிரெடிட்; அதாவது வாரத்துக்கு 45 மணி. மாணவ விசாவில் செல்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்திலே 20 மணி வரை வேலை செய்யலாம். இரண்டையும் கூட்டினால் 65 மணி! உண்ணவும் உறங்கவும் மீதியுள்ளது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

சுமை தாங்காமல் பாடங்களை விட்டுவிடலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. இளங்கலை மாணவர் முன் அனுமதியின்றி 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலைக்கே ஆபத்து.

3. நினைவில் வைக்க

பாட எண்ணின் பொருள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கிரெடிட்டை மூன்றால் பெருக்கினால் வாரத்தின் உழைப்பு தெரியும். வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் இக்கணக்கைப் போட வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை '15 கிரெடிட் எடுத்திருக்கிறேன்' என்று எழுதினால், அது வாரத்தில் 15 மணி நேரப் படிப்பு என்று நினையாதீர்கள். ஒரு முழு நாள் உத்தியோகத்துக்கு ஒப்பான உழைப்பு அது. அதை அறிந்து, அவன் பணம் அனுப்பவில்லையே என்று கடிந்துகொள்ளாமல், தைரியம் சொல்லி எழுதுங்கள்.