எம்.எல்.ஏ. பதவி, வக்கீல் தொழில்: ஒபாமாவிடம் சுட வேண்டியவை

ஒபாமா என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மேடைப் பேச்சு. அதை விடுங்கள், அந்தக் குரல் நமக்கு வராது. 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டராகவும் கூடவே சிகாகோவில் வக்கீலாகவும் அவர் ஓட்டிய வருஷங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் சட்டம் படித்து அரசியலிலும் கால் வைக்கத் துடிப்பவர்களுக்கு அங்கேதான் சரக்கு இருக்கிறது.

1. முதலில் சம்பளம். பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றம் பார்ட் டைம் வேலை. டெக்சாஸில் அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 7,200 டாலர். நியூ ஹாம்ப்ஷயரில் 100 டாலர். ஆமாம், அதுவும் வருஷத்துக்குத்தான்! ஆகவே சொந்தத் தொழில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லினாய் இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஒபாமா வக்கீல் ஆபீஸையும் விடவில்லை, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1992-இல் பிடித்த லெக்சரர் வேலையையும் விடவில்லை. ஹார்வர்ட் லா ரிவ்யூவின் முதல் கறுப்பினத் தலைவர் என்ற ரெஸ்யூமேவுக்கு எந்த கார்ப்பரேட் நிறுவனமும் கதவைத் திறந்திருக்கும். அவர் சேர்ந்தது சிவில் ரைட்ஸ் வழக்குகள் நடத்தும் ஒரு சின்ன ஆபீஸில். இதைத் தியாகம் என்று நினைத்து உருகாதீர்கள். ஓட்டுரிமை வழக்கு நடத்துகிறவருக்குத் தொகுதியில் அறிமுகம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் பதவியைக் காட்டிக் கேஸ் பிடிக்காதீர்கள். நியூயார்க் சட்டமன்ற சபாநாயகராக இருபது வருஷத்துக்கு மேல் கோலோச்சிய ஷெல்டன் சில்வரும் வக்கீல்தான். ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் வேலையை ஒரு வக்கீல் ஆபீஸுக்குத் திருப்பிவிட்டு ரெஃபரல் ஃபீஸ் வாங்கிய விவகாரத்தில் 2020-இல் ஆறரை வருஷ சிறைத் தண்டனை பெற்றார். சந்தேகம் இருந்தால் ஃபைலைத் தொடும் முன்பே எதிக்ஸ் கமிட்டியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. பேப்பரைப் படியுங்கள். இதில்தான் வக்கீலுக்கு லாபம். 1995-இல் மாநில செனட்டர் ஆலிஸ் பாமர் அமெரிக்க காங்கிரஸ் சீட்டுக்குப் போட்டியிட்டார். தன் இடத்துக்கு ஒபாமாவை அவரே கைகாட்டினார். காங்கிரஸ் கனவு கலைந்ததும் பழைய சீட்டைத் திரும்பக் கேட்டார். நம்மூராக இருந்தால் பெரியவர் கேட்கிறாரே என்று நாலு பேர் சமாதானம் பேச வந்திருப்பார்கள். ஒபாமா அசையவில்லை. போட்டியிட வாக்காளர் கையெழுத்து போட்ட பெட்டிஷன் தாள்கள் தர வேண்டும். அவருடைய ஆட்கள் எதிராளிகளின் தாள்களை எடுத்துவைத்து வரிவரியாகப் பார்த்தார்கள். இவர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறாரா? முகவரி தொகுதிக்குள் வருகிறதா? கையெழுத்துக்குப் பதில் வெறும் அச்செழுத்தில் பெயர் இருக்கிறதா? கடைசியில் பாமர் உட்பட நாலு எதிராளிகளும் வாக்குச்சீட்டிலேயே இல்லை. உட்கட்சித் தேர்தலில் ஒபாமா தனி ஆள். கசப்பான வேலைதான், எனக்கும் முழுசாக ருசிக்கவில்லை. ஆனால் உங்கள் தாள்களை இதே கண்ணோடு படிக்க எதிர்த்தரப்பில் ஒருவர் இருப்பார். அவருக்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள்.

3. சீட்டாடுங்கள். ஹார்வர்ட் பையன், சிகாகோ புரொஃபசர், அலட்டல் பேர்வழி: தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒபாமாவுக்கு முதலில் கிடைத்த பெயர் இதுதான். சக உறுப்பினர் டெர்ரி லிங்க் கூட்டிய போக்கர் ஆட்டத்தில் போய் உட்கார்ந்தார். சின்னப் பந்தயம், பீர், எதிர்க்கட்சிக்காரர்கள், லாபியிஸ்டுகள். ரிஸ்க் எடுக்காமல் நிதானமாக ஆடுவாராம். ராத்திரி கூடச் சீட்டாடியவரை மறுநாள் கமிட்டியில் கடித்துக் குதறுவது யாருக்கும் கஷ்டம்.

4. சர்வே முதலில், அறிவிப்பு பிறகு. 2000-இல் காங்கிரஸ் உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து இறங்கினார். களத்தில் குதித்த பிறகுதான் சர்வே: ரஷ்ஷின் பெயர் 90 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது, இவருடையது 11 சதவீதம் பேருக்கு. போதாக்குறைக்கு மகளுக்கு உடம்பு சரியில்லாமல் ஹவாயில் தங்கிவிட்டதில் ஒரு துப்பாக்கிச் சட்ட வாக்கெடுப்பு தவறிப்போக, பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. முடிவு: ரஷ் 61 சதவீதம், இவர் 30. கையில் கடன்.

5. எதிரியை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். கொலை வழக்கு விசாரணைகளை ரெக்கார்டு செய்ய வேண்டும் என்ற மசோதா 2003-இல் வந்தபோது போலீஸ் முறைத்தது. ஆனால் இல்லினாயில் மரண தண்டனைக் கைதிகள் 13 பேருக்கு மேல் நிரபராதிகள் என்று வெளியே வந்திருந்தார்கள். யாராலும் பிரச்சினையே இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒபாமா போலீஸ்காரர்களோடும் அரசு வக்கீல்களோடும் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேரம் பேசினார். அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்ற பொய்ப் புகாரிலிருந்து டேப் உங்களையும் காப்பாற்றுமே என்பது அவர் வாதம். செனட்டில் எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

6. வாய்விட்டுக் கேளுங்கள். ஆறு வருஷம் எதிர்க்கட்சி வரிசையில் காய்ந்தவருக்கு 2003-இல் கட்சி பெரும்பான்மைக்கு வந்தது, எமில் ஜோன்ஸ் செனட் தலைவரானார். ஒபாமா அவரிடம் போய், உங்களுக்கு இப்போது ஒரு அமெரிக்க செனட்டரையே உருவாக்கும் பலம் இருக்கிறது என்றார். யாரை என்று கேட்டார் ஜோன்ஸ். என்னைத்தான் என்றார் ஒபாமா. பெயர் வாங்கித் தரும் மசோதாக்கள் அதன்பின் அவர் மேசைக்கே வந்தன.