கணிப்பொறித் திரை ஏன் உறைகிறது?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறியின் வேகத்தைப் பற்றி நாம் வகுப்பில் படிப்பது ஒன்று. ஆய்வுக்கூடத்தில் காண்பது மற்றொன்று. மையச் செயலகம் வினாடிக்கு 200 கோடி துடிப்புகளுடன் இயங்குகிறது என்று படிக்கிறோம். அதே செயலகம் உள்ள பொறியின் முன் அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்துகிறோம். திரை அசையாமல் நிற்கிறது. சுட்டியின் முள் மட்டும் நகர்கிறது. சற்று நேரத்தில் சன்னல் வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்ற சொற்கள் தோன்றுகின்றன. "பழைய மிஷின், அப்படித்தான் இருக்கும்" என்று கூறிவிட்டு எழுந்து போவது நம் வழக்கம்.

அவ்வாறு கூறுவது பல வேளைகளில் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பொறியின் வேகம் குறைவாக இருப்பதைவிட, நிரலுக்குள் வேலையைப் பங்கிட்ட முறை தவறாக இருப்பதே திரை உறைவதற்குப் பெரிய காரணம். அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஒரே ஆள், ஒரே வரிசை

ஒரு நியாய விலைக் கடையை எண்ணிப் பாருங்கள். கடையில் ஒரே விற்பனையாளர். அட்டையைப் பார்ப்பது, பட்டியல் போடுவது, பணம் பெறுவது எல்லாம் அவரே. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அவரே கிடங்குக்குச் சென்று மூட்டையைத் தூக்கி வரப் போய்விட்டால், வரிசையில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. "நாளைக்குக் கடை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்க வந்தவரும் காத்து நிற்கத்தான் வேண்டும். விற்பனையாளர் சோம்பேறி அல்லர். கிடங்கில் வேர்க்க வேர்க்க உழைத்துக்கொண்டிருக்கிறார். முகப்பில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

மேசைக் கணிப்பொறியில் இயங்கும் சன்னல் நிரல்களின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே. நாம் ஒரு விசையைத் தட்டினாலும், சுட்டியைச் சொடுக்கினாலும், 'இப்பகுதியை மீண்டும் வரைக' என்று இயக்க அமைப்பு கட்டளையிட்டாலும், அவை அனைத்தும் செய்திகளாக மாறி ஒரு வரிசையில் நிற்கின்றன. நிரலில் உள்ள ஓர் 'இழை' (ஆங்கிலத்தில் த்ரெட் என்பர்) அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றுகிறது. ஒரு செய்தி முடிந்த பிறகே அடுத்ததைத் தொடும். திரையில் வரைவதும் இவ்விழையின் பொறுப்பே. ஆகவே ஒரு பொத்தானுக்கு உரிய வேலை 20 வினாடி பிடித்தால், அந்த 20 வினாடியும் நிரல் எதையும் வரையாது. எந்தச் சொடுக்கையும் கேளாது.

விண்டோஸ் அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. ஒரு நிரல் 5 வினாடிகள் வரை எந்தச் செய்தியையும் எடுக்காவிட்டால், அது செயலற்றுவிட்டதாகக் கருதுகிறது. நாம் காணும் அந்த வெளுத்த சன்னலை வரைவது அந்த நிரலன்று. அதன் இடத்தில் விண்டோஸ் வைக்கும் போலிச் சன்னல் அது.

முன்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1-இல் எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஒரே உள்ளீட்டு வரிசை. ஒரு நிரல் நின்றால் அதன் பின்னால் எல்லா நிரல்களும் நின்றன. 1995-இல் வந்த விண்டோஸ் 95 தான் 32-பிட் நிரல்களுக்குத் தனித்தனி வரிசைகளை அளித்தது.

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான்?

கணிப்பொறி விடையளிக்க எடுக்கும் நேரத்தையும் மனிதனின் பொறுமையையும் இணைத்து 1968-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மில்லர் என்பவர் ஆராய்ந்து எழுதினார். 1993-இல் ஜேக்கப் நீல்சன் மூன்று எல்லைகளை எளிதாக வகுத்துக் கூறினார். 0.1 வினாடிக்குள் விடை வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும். 1 வினாடி வரை நம் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடிக்கு மேற்பட்டால் மனம் வேறு வேலையைத் தேடிப் போய்விடும்.

அசையும் காட்சிகளுக்கு எல்லை இன்னும் சிறிது. பரவலாக உள்ள திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 1,000 மில்லி வினாடியை 60-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.7 வரும். அந்த நேரத்துக்குள் அடுத்த படத்தை வரைந்து முடிக்காவிட்டால் நகரும் பட்டியல் தத்தித் தத்தி நகரும்.

தாமதத்தின் காரணங்கள்

முதலாவது, காத்திருத்தல். சுழலும் வட்டில் ஓரிடத்தைத் தேடிப் படிக்கச் சுமார் 10 மில்லி வினாடி ஆகலாம். 200 கோடி துடிப்புள்ள செயலகத்துக்கு அது 2 கோடித் துடிப்புகள் வீணாகும் நேரம். அத்தகைய 100 படிப்புகளைத் திரை இழையே செய்தால் ஒரு வினாடி போயிற்று. வலைப்பின்னலில் உள்ள வேறு பொறியிடம் விடை கேட்டுக் காத்திருந்தால் எவ்வளவு போகும் என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, தேவையற்ற மறுவேலை. ஒரு பட்டியலில் 1,000 பெயர்களைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு பெயரைச் சேர்த்ததும் பட்டியல் முழுவதையும் மீண்டும் அளவெடுத்து அடுக்குமாறு நிரல் எழுதப்பட்டிருந்தால், 1 + 2 + 3 என்று தொடங்கி 1,000 வரை கூட்ட வேண்டும். விடை 5,00,500. எல்லாவற்றையும் சேர்த்த பின் ஒருமுறை அளந்திருந்தால் 1,000 போதும். பத்து மடங்கு வேகமான பொறியை வாங்கினாலும் இந்த 500 மடங்கு வீண் வேலையை ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது, காணாததையும் வரைதல். 20,000 வரிகள் உள்ள பட்டியலில் ஒரே நேரத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது முப்பதோ நாற்பதோ தான். எல்லா வரிகளுக்கும் முன்கூட்டியே படம் தயாரிப்பது வீண்.

நான்காவது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓடுதல். 'முருகேசன்' என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்ட ஒன்பது விசைகள் வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு தேடல் நடத்தினால், அவற்றுள் எட்டுத் தேடல்களின் விடையை யாரும் படிப்பதில்லை.

தீர்க்கும் வழிகள்

கடையில் மூட்டை தூக்க வேறோர் ஆளை வைத்தால் விற்பனையாளர் முகப்பிலேயே இருக்கலாம். நிரலிலும் அவ்வாறே நீண்ட வேலையைத் தனிப் பணி இழைக்கு மாற்ற வேண்டும். ஜாவா மொழியின் ஸ்விங் தொகுப்பில் இதற்கென்றே 'ஸ்விங் ஒர்க்கர்' என்ற வகுப்பு உண்டு. 2006-இல் வந்த ஜாவா 6 முதல் அது மொழியுடனேயே கிடைக்கிறது.

ஆனால் ஒரு விதி உண்டு. மூட்டை தூக்குபவர் கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடாது. பணி இழை திரையை நேரே தொடக்கூடாது. தொட்டால் இருவர் ஒரே பக்கத்தில் எழுதிய கணக்குப் போலக் குழப்பம் விளையும். முடிந்த விடையைச் செய்தி வரிசையில் இட வேண்டும். திரை இழை அதை எடுத்து வரையும். ஸ்விங் ஒர்க்கரில் 'டூ இன் பேக்ரவுண்ட்' என்பது பணி இழையிலும் 'டன்' என்பது திரை இழையிலும் ஓடுவது இக்காரணத்தால்தான்.

மற்ற மருந்துகள் எளியவை. பட்டியலை முழுவதும் நிரப்பிவிட்டு ஒருமுறை வரையலாம். தெரியும் வரிகளை மட்டும் தயாரிக்கலாம். கடைசி விசைக்குப் பின் கால் வினாடி பொறுத்துத் தேடலாம். இவற்றுக்கு மேலாக, வேலை தொடங்கியவுடன் பொத்தானை முடக்கி, 'நடைபெறுகிறது' என்று தெரிவித்து, 'நிறுத்து' என்று ஒரு வழியும் கொடுக்க வேண்டும். இல்லையேல் பயன்படுத்துபவர் மீண்டும் மீண்டும் அழுத்துவார். அச்சொடுக்குகள் வரிசையில் சேர்ந்து, ஒரே பதிவு இருமுறை ஏறிவிடும்.

நோயறியும் முறை

தாமதம் எங்கே என்று ஊகித்தல் ஆகாது, பார்க்க வேண்டும். எல்லாச் சன்னல்களும் தள்ளாடினால் நினைவகம் போதாமல் பொறி வட்டைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அப்போது பழி பொறியைச் சேரும். ஒரே சன்னல் உறைந்தால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து பார்க்கவும். நான்கு கருக்கள் உள்ள செயலகத்தில் ஓர் இழை முழுமூச்சாக ஓடினால் ஏறத்தாழ 25 விழுக்காடு தெரியும். கணக்கு வேலை மிகுதி என்று பொருள். ஒன்றுமே ஓடாமல் சன்னல் உறைந்திருந்தால், வட்டுக்கோ வலைப்பின்னலுக்கோ அது காத்திருக்கலாம்.

நாமே எழுதிய ஜாவா நிரலாயின் 'ஜேஸ்டாக்' என்னும் கருவி உதவும். திரை உறைந்திருக்கும்போது அதை மூன்று முறை இயக்கித் திரை இழை எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கவும். மூன்று முறையும் நம் நிரலின் ஒரே வரி வந்தால் அதுவே குற்றவாளி. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பொறிகளில் இதைச் செய்து பார்த்தேன். மதிப்பெண் பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்கும் வரியில்தான் திரை இழை நின்றிருந்தது. அவ்வேலையைப் பணி இழைக்கு மாற்றியபின் படிப்பதற்கு ஆகும் நேரம் குறையவில்லை. ஆயினும் திரை உயிருடன் இருந்தது. அதே பழைய பொறிதான்.

யார் மீது பழி?

எங்கள் வீட்டில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். என் தந்தையார் கட்டட வேலை செய்பவர். ஒருமுறை ஒரு சேவை மையத்தில் அவர் விரலை வைத்துக் காத்திருந்தபோது திரை வெளுத்து நின்றது. "சிமெண்டில் என் ரேகை தேய்ந்து போச்சு, அதனாலேதான் நிக்குது" என்று அவர் மெல்லிய குரலில் என்னிடம் கூறினார். ரேகை தெளிவாக இல்லாவிட்டால் ஒழுங்கான நிரல் அதைச் சொல்லி, மறுபடி வைக்கச் சொல்லும். சன்னல் உறைவதற்கு விரல் காரணமாகாது என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையசைத்தார். ஆனாலும் கையைத் துண்டில் மீண்டும் துடைத்துக்கொண்டார்.

படித்தவர் திரை உறைந்தால் பொறியைத் திட்டுகிறார். படிக்காதவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். நிரலை எழுதியவர் வேகமான புதுப் பொறியில் சோதித்துவிட்டுப் போய்விடுவதால் இருவர் சொல்வதும் அவர் காதில் விழுவதில்லை.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்துப் பொறிகள் பழையவை என்று வருந்துகிறோம். பழைய பொறி பிழையை மறைப்பதில்லை. ஆகவே அது ஒரு நல்ல ஆசிரியர். இங்கே தடையின்றி ஓடும் நிரல் எங்கும் ஓடும். நாளை நாம் எழுதப்போகும் நிரல்களின் முன் நம் பெற்றோரைப் போன்றவர்கள் வந்து நிற்பார்கள். அவர்களைக் காக்க வைக்க நேர்ந்தாலும், ஏன் காக்கிறோம் என்று அவர்கள் அறியுமாறு எழுதப் பழகுவோமாக.